உப்பு மட்டம்

உவரியில் ஏற்றிய நான்கு கேனுக்கும்
லக்கேஜ் கேட்டார் நடத்துநர்.
"உள்ள என்னம்மா, எண்ணெயா?"
கடல் என்றேன்.
என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு
இரண்டு கேனுக்கு மட்டும் கிழித்தார்.

திசையன்விளையில் இறக்கி ஏற்றி
நாங்குநேரியில் இறக்கி ஏற்றி
களக்காடு வந்தபோது
நனைந்து காய்ந்த சேலைக்கரை
அட்டைபோல் விறைத்து நின்றது.

மூன்றாம் வகுப்பு ஜன்னலில் மலைதான் தெரியும்.
முப்பத்தொரு பேரில் கடல் பார்த்தவர்கள் ஒன்பது.
அதில் இரண்டு பேர் பொய்.

தொட்டியை நிரப்பியதும்
தண்ணீர் ஒருபக்கம் ஏறி நின்றது.
தரை வாட்டம் அப்போதுதான் தெரிந்தது.
நிவாஸ் ஓடிப்போய்
பழைய வினாத்தாள்களை மடித்து
மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தான்.
அரையாண்டுத் தேர்வின்மேல்
சமமாக நிற்கிறது இப்போது.

"பவளம் எங்க டீச்சர்?"
படத்தில் இருந்தது சிவப்பாக.
கடலிலிருந்து அதைப் பிடுங்குவது குற்றம் என்றேன்.
"போலீஸ் வருமா?"
வரும்.
அதோடு பவளப் பேச்சு நின்றது.
சிப்பித்தூளும் சிமெண்டும் பிசைந்து
நாங்களே செய்த பாறைகள் ஐந்து,
வாளித் தண்ணீரில் மாதம் முழுக்கக் காரம் இறக்கியவை.
ஆறாவதாக ஒரு செங்கல் துண்டு.
உவரியில் வலையோடு வந்ததாம்.
"யார் வீட்டுச் சுவரோ, கொண்டு போங்க"
என்று கஸ்பார் தந்தது.

பிறகு ஒரு செத்த இறாலைப் போட்டோம்.
அழுகட்டும்.
அழுகியதைத் தின்னக்
கண்ணுக்குத் தெரியாதவை வரவேண்டும்.
அவை வந்த பிறகுதான் மீன்.

தினமும் காலையில் சோதனைக் குழாய்.
பச்சை என்றால் நஞ்சு,
மஞ்சள் என்றால் நல்லது.
வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு
இதை ஏற்கவே முடியவில்லை.
கரும்பலகையின் மூலையில்
தேதிக்குக் கீழே எழுதினார்கள்:
இன்று பச்சை.
இன்றும் பச்சை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி குனிந்து பார்த்தார்.
"ஒண்ணுமே இல்லையே?"
"தண்ணி பழுக்குது சார்" என்றாள் மகாராசி.
காலித் தொட்டி ஒன்று உள்ளது என்று
குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

சிவப்பு நாடா ஒட்டிய கோட்டுக்குக் கீழே
இரண்டு விரல் இறங்கிவிட்டது தண்ணீர்.
"திரும்ப உவரிக்குப் போவணுமா?"
வேண்டாம். உப்பு எங்கும் போகாது,
தண்ணீர்தான் போகும்.
பச்சையாற்றுக் குழாய்நீரை
ஒருநாள் வாளியில் ஆறவிட்டு
ஒரு டம்ளர், ஒரு டம்ளராய் ஊற்றினோம்.
எவ்வளவு ஊற்றினாலும் கடல்தானா என்று
விரலை நனைத்து நக்கிய ஜெஃப்ரின்
முகத்தைச் சுளித்துக்கொண்டு
ஆமாம் என்றான்.

இருபத்தாறாம் நாள், முதல் மணிக்கு முன்னால்
"டீச்சர், செங்கல்லு பூத்துருக்கு!"

ஒரு ஓட்டைக்குள்ளிருந்து
நக அளவில், பழுப்பாக,
இழை இழையாய் விரிந்து ஆடியது.
நாங்கள் யாரும் அதை வைக்கவில்லை.
கஸ்பாருக்கும் தெரியாது.
கேனுக்குக் கொடுத்த காசில்
டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.

நாகர்கோவில் கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன்.
உடனே பதில்:
அது களை மேடம். ஒண்ணு நூறாவும்.
ஊசியில எலுமிச்சைச் சாறு ஏத்திக் கொன்னுருங்க.

திங்கள்கிழமை என் பையில்
ஒரு எலுமிச்சையும் ஒரு ஊசியும் இருந்தன.
வருகைப் பதிவைத் திறந்தால்
முப்பத்தொன்றுக்குக் கீழே
பர்வீனின் பென்சில் எழுத்து:
32. செங்கல்லு.
பேர் வாசித்தேன்.
அதற்காக முப்பத்தொரு பேரும்
"உள்ளேன் டீச்சர்" என்றார்கள்.

மதியம் ஈர்க்குச்சி முனையில்
இறால் துணுக்கு ஒன்றை நீட்டினோம்.
இழைகள் மெல்ல மடங்கி மூடின.
பின்பெஞ்சு வரைக்கும் மூச்சு இல்லை.
"முழுங்கிட்டு!"

எலுமிச்சையைச் சத்துணவு அக்காவிடம் கொடுத்தேன்.
ஊசி இருக்கிறது,
துணுக்கு ஊட்ட ஈர்க்கைவிட வசதி.
அது களைதான். பரவும் என்பதும் உண்மைதான்.
மீன் வரும்போது என்ன செய்வேன் என்று
எனக்கே தெரியாது.
கரும்பலகையில் இன்று மஞ்சள்.

சாயங்காலம் கடைக்காரர் அழைத்தார்.
"என்ன மேடம், தீர்ந்துதா?"
அந்த நேரம் அது சுருங்கி
ஓட்டைக்குள் போயிருந்தது.
"இப்போ காணல" என்றேன்.
பொய்யில்லை.