கட்டைவிரல்

ஆனி பிறந்தால் வேப்பனப்பள்ளிச் சாலையில்
லாரிக்கு முன்னால் ஈ வரும்,
ஈக்குப் பின்னால் கொட்டை வரும்.
கூழ் அதற்குள் டின்னில் அடைபட்டுத்
துறைமுகத்துக்குப் போயிருக்கும்.

எடைமேடையில் எனக்கு இது பதினோராவது சீசன்.
முன்பெல்லாம் இதே கொட்டையை
ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வர
ஆலைக்காரர் கைக்காசு கொடுத்தார்.
ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு மனு கொடுத்தது.
இப்போது டன்னுக்கு விலை சொல்கிறார்.
சேறு ஒட்டியிருந்தாலும் கழிக்க மாட்டாராம்.
அன்றைக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்.
இன்றைக்கு ரசீது எழுதுகிறவனும் நான்தான்.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்பார்களே,
அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

களத்தில் காய்கிறது பெங்களூரா.
குப்பம் பக்கத்துக் காற்றில்
நார் பூனைமயிராய்ச் சிலிர்க்கிறது.
விளிம்பில் கத்தி கொடுத்து ஒரு திருகு:
ஓடு பாய்லருக்கு, பருப்பு செக்குக்கு.
நெய் உறைந்து
எந்த ஊர்க் கன்னத்துக்கோ.

சில கொட்டைக்குள் வண்டு இருக்கும்.
துளையே இல்லாத வீட்டுக்குள்
எப்படிக் குடிபோனது என்று முதல் வருடம் வியந்தேன்.
இப்போது மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிக்கிறேன்.

முப்பத்திரண்டு பெண்கள்.
தமிழில் கணக்குக் கேட்டுத்
தெலுங்கில் என்னைத் திட்டுகிறவர்கள்.
பருப்பின் துவர்ப்பும் கத்தி இரும்பும் சேர்ந்தால் மசி.
போன தேர்தலில் மை வைக்க வந்த பையன்
முனிரத்னாவின் விரலைத் திருப்பித் திருப்பி
வெளுத்த இடம் தேடினான்.

மசிகூட மார்கழிக்குள் போய்விடும்.
ரேகை போனது வரவில்லை.
ரேஷன் கடையில் கருவி சொல்கிறது:
விரலை மீண்டும் வைக்கவும்.
வைத்தாள்.
மீண்டும் வைக்கவும்.
சேலைத் தலைப்பில் துடைத்து, எச்சில் தொட்டு,
தலையில் தேய்த்து எண்ணெய் எடுத்து வைத்தாள்.
"நீ நீயில்லைன்னுதும்மா" என்றார் சேல்ஸ்மேன்.
கண் பார்க்கும் கருவி தருமபுரிக்கு
ரிப்பேருக்குப் போய் இரண்டு மாதம்.

அப்படியொரு வாரத்தில்தான்
பெங்களூரிலிருந்து கம்பெனிப் பெண் வந்தாள்.
களத்தைப் படம் எடுத்தாள், குவியலை எடுத்தாள்.
கைகளை எடுக்க வேண்டும்,
கழுவிவிட்டு வரச் சொன்னாள்.
கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

போகும்போது ஒரு டப்பா கொடுத்துப் போனாள்,
தகரம், வெற்றிலைப் பெட்டியில் பாதி.
அடியில் விலை இருந்தது.
நான் வாய் திறக்கவில்லை.
கெங்குபாயே படித்துவிட்டாள்:
நாலு நாள் கூலி.
முகர்ந்து பார்த்துவிட்டு,
"மாங்காய் வாசனையே காணோமே,
மூடியில எதுக்கு மாங்காய்?" என்றாள்.

யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது.
அரிசி போடும் நாளில்
வரிசை நெடுகக் கைமாறிப் போனது டப்பா.
முகத்தில் ஒருத்தியும் பூசவில்லை.
கட்டைவிரலில் மட்டும் ஒரு துளி,
சுண்ணாம்பு தொடுகிற அளவு.
நூறு எண்ணும் வரை ஊறவிட்டு
முனிரத்னா வைத்தாள்.
கருவி யோசித்தது.
வண்டு ரீங்காரம்போல ஒரு சத்தம், பச்சை விளக்கு,
திரையில் அவள் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

இருபது கிலோவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
களத்து வழியாகத்தான் போனாள்.
"ஒன்றரைக் கிலோ கழிச்சுக்கறியா?" என்று
போகிற போக்கில் என்னைக் கேட்டாள்.

டப்பா இப்போது என் மேசை இழுப்பறையில்,
ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கிறது.
அடுத்த அரிசி வரைக்கும்
யாரும் தொடக்கூடாதென்று உத்தரவு.

நேற்று லாரி வராத மதியத்தில்
மூடியைத் திறந்து பார்த்தேன்.
வெயிலில் இளகி, மறுபடி உறைந்த நெய்.
நடுவில் ஒரு குழி.
குழியில் கட்டைவிரல் ரேகை,
சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல்.
யாருடையது என்று தெரியவில்லை.
மூடி வைத்துவிட்டேன்.