நன்றி, 46 கிலோ

உள்ளங்கையில் பாதிதான் அந்தப் பலகை.
ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய், கூரியர் தனி.
விசிறி மாட்டாவிட்டால் இட்லிச் சட்டிபோல் காயும்.
அதற்குள் ஒரு காதை இறக்கி வைத்தேன்,
இணையம் கேட்காத காது.

இணையம் கேட்டால் வேலந்தாவளத்தில் பிழைக்காது.
மிளகாய் மண்டி வாசலில் கோவைக் கோபுரம் பிடிக்கும்,
எடைமேடையில் பாலக்காட்டுக் கோபுரம்,
நடுவில் பதினெட்டு அடி
இரண்டுக்கும் வேண்டாத பிள்ளை.
அங்கேதான் ஆறுச்சாமி மூட்டை இறக்குவார்.
கணக்குப் பிசகுவதும் அங்கேதான்.

அவர் எடையைக் கூவ வேண்டும்.
பலகை கேட்டு எழுதும்,
அச்சுப்பொறி நாக்கை நீட்டும்,
பிலோமினாக்கா சீட்டைக் கிழித்துக் கம்பியில் குத்துவார்.
மூன்று மாத இரவுகள், நானும் லிஜோவும்.
எங்கள் நிரலில் அவன் குறிப்புகள் மலையாளம்,
என் பிழைகள் தமிழ்.

முதல் நாள் தக்காளி.
"அம்பது!"
தமிழ் 0.51, மலையாளம் 0.49 என்றது மாதிரி.
அடுத்த பெட்டி, அதே வாய், அதே அம்பது:
மலையாளம் 0.53.
எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இதே தள்ளாட்டம்.
மொழி கேட்கும் பொத்தானை அன்றே அழித்தேன்,
நூற்றுப் பன்னிரண்டு வரி மிச்சம்.
"தக்காளிக்குப் பாஷை கேட்டுச்சா?" என்று
பீடியைப் பற்றவைத்தார் ஆறுச்சாமி.

பிறகு ஆடி.
லிஜோவின் நாட்காட்டியில் கர்க்கடகம்.
கணவாய் வாயைத் திறக்க,
ஆளில்லாத சோதனைச்சாவடியைத் தாண்டி
ரசீதில்லாமல் கிழக்கே ஓடியது காற்று.

விடியலில் பிலோமினாக்கா அழைத்தார்:
"தம்பி, ராத்திரி சந்தையில யாரு?"
தரையில் இரண்டு மீட்டர் காகித நாக்கு.
நன்றி. நன்றி. வணக்கம். நன்றி.
இரண்டே முக்காலிலிருந்து நான்கு பத்து வரை,
பூட்டிய சந்தையில்,
ஒரு வரியில் மட்டும்
நன்றி, 46 கிலோ.

பேய் இல்லை அக்கா.
காணொளிகளைக் கேட்டு வளர்ந்த காது இது.
ஒவ்வொன்றின் முடிவிலும் பேச்சு ஓயும், யாரோ நன்றி சொல்வார்கள்.
ஓய்ந்தால் நன்றி என்று பாடமாகிவிட்டது.
ஒன்றும் காதில் விழாமலே கேட்டதாய்த் தலையாட்டுவதை
நானும் நேர்காணல்களில் செய்திருக்கிறேன்.
இந்தக் கடைசி வரியை அக்காவிடம் சொல்லவில்லை.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"நாப்பத்தாறு கிலோவுக்குக் காசு யாரு தருவா?"

புதிதாய் ஒரு கருவி இருக்கிறது என்றான் லிஜோ,
இரண்டு மெகாபைட்கூட இல்லை.
வாசலில் நின்று
இது பேச்சு, இது வெறும் ஓசை என்று பிரிக்கும்,
பேச்சை மட்டும் உள்ளே விடும்.
சாவடி ஒழிந்த ஊரில்
நான் நிரலுக்குள் சாவடி கட்டினேன்.
அன்றிரவு காகிதம் வெள்ளை.
இருவரும் தொலைபேசியில் கைதட்டிக்கொண்டோம்.

வியாழக்கிழமை ஆறுச்சாமிக்குச் சளி.
"அறுவது" என்றார், சீட்டு இல்லை.
"அறுவது", இல்லை.
தொண்டை கிழிந்த அந்தக் குரலை
ஓசை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது என் சாவடி.
மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு
பலகையைக் குனிந்து பார்த்தார்:
"ஏஞ்சாமி, நான் ஆளாட்டத் தெரியலையா?"

மடிக்கணினியை வெண்டைக்காய்ச் சாக்கின் மேல் வைத்துத் திறந்தேன்.
0.5 என்றிருந்ததை 0.35 ஆக்கினேன்.
மாற்றத்துக்கு ஒரு வரிக் காரணம் எழுதச் சொல்லும்.
'சளி' என்று எழுதினேன்.

இப்போது எடை எல்லாம் விழுகிறது.
நாளுக்கு ஒன்றிரண்டு நன்றியும்.
பிலோமினாக்கா அதைப் பேனாவால் அடித்து,
பக்கத்தில் 'காத்து' என்று எழுதி,
தக்காளிச் சீட்டுக்கும் புடலங்காய்ச் சீட்டுக்கும் நடுவே
அதே கம்பியில் குத்துகிறார்.