வெயிலைக் கடக்காதவை

பூம்பாறைக்கு மேலே, காலை ஆறு பத்து.
காட்டுப்பூவரசின் கவட்டையில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு
இருபதடி தள்ளி உட்கார்ந்தோம்,
அட்டைக்கு மூக்குப்பொடி தடவிய காலோடு.

முதலில் இந்த மலையின் சோலைக்கிளிப் பாட்டு.
(பெயரில்தான் கிளி. தரையோடு தாவும் நீலக் குருவி.)
நான்கே நொடி.
புதரைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒன்று,
வரப்புத் தகராறுக்கு வருகிறவர் மாதிரி.

பிறகு கோத்தகிரியில் பதிந்தது.
அதே சீட்டி,
முடிகிற இடத்தில் மட்டும் ஒரு சுழிப்பு கூடுதல்.
குருவி தலையைச் சாய்த்தது.
பேருந்தின் பின்னிருக்கையில் யாரோ
நம் ஊர்ப்பேச்சுபோல் ஒன்று பேச,
இல்லை, நம்மூர் இல்லை என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோமே,
அப்படி.

"கூப்பிட்டாப் போக வேண்டியதுதானே,"
என்றார் ஜீப் ஓட்டும் பெலவேந்திரன்.
"வானம் ஒண்ணுதானே."

வானம் ஒன்றுதான்.
இது நிழலில் மட்டும் பறக்கிற பறவை.
நடுவே பாலக்காட்டுக் கணவாய்;
அங்கே வெயில்
தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.
குளிர் முற்றிய யுகங்களில்
சோலை கொஞ்சம் கீழிறங்கிப் பார்த்தது.
சூடு ஏறியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
உச்சிக்கே ஓடிவிட்டது.
அந்தப் பக்கம் நின்றவை அங்கேயே.
இந்தப் பக்கம் நின்றவை இங்கேயே.
யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை.
அங்கே விலாவில் செம்மண் நிறம் ஒட்டிற்று,
இங்கே வயிறு வெளுத்தது,
ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும்
வித்தியாசமே தெரியாமல்
லட்சம் லட்சமாய் முட்டைகள்.

"அப்போ அதுங்களும் வேற ஆயிடுமா?"
அவர் கை நீட்டியது சாலைக்கு அப்பால்.
பூண்டு வயல்களுக்கு நடுவே
மூன்று ஏக்கர் சோலை.
ஐந்து ஜோடி எண்ணியிருக்கிறேன் அதில்.
போன வருஷம் எட்டு.
சாலையின் அகலம் பதினெட்டு அடி.
ஒன்றுகூடக் கடந்து நான் பார்த்ததில்லை.

"ஆகலாம். நேரம் கொடுத்தா."
"எவ்வளவு?"
நான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
மேட்டுப்பாளையத்தில் பூண்டு விலை ஏறிவிட்டதாமே என்று
அவரே வேறு பேச்சுக்குப் போனார்.

படிவத்தில் 'எதிர்வினை' என்ற கட்டம்.
'இல்லை' என்று எழுதினேன்.
நிமிர்ந்தால், குருவி இன்னும் போகவில்லை,
ஒலிபெருக்கி இருந்த கவட்டையைப் பார்த்தபடி.
அடித்துவிட்டு
'கேட்டது' என்று எழுதினேன்.
அதற்குக் குறியீட்டெண் கிடையாது.