பதினாலாவது கொண்டை ஊசி

கார் சூடாகி நின்றது
பதினாலில்.
மஞ்சள் பலகையில் எண்ணைப் படித்துவிட்டு
"இன்னும் ஆறுதானே, தள்ளிட்டே போயிரலாம்" என்றான் சாதிக்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள்.
பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு
தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம்.
கீழே சேலம்.
யாரோ வெளுத்த வேட்டியைக் காயப்போட்டு
மறந்ததுபோல் மாக்னசைட் மேடு.
குரங்கொன்று வந்து
தட்டுவடைப் பொட்டலத்தை மட்டும்
முழு நம்பிக்கையோடு பார்த்தது.

பூங்கோதை பெங்களூரில் ஏறி
ஓசூர் தாண்டுவதற்குள் விடிந்துவிட்டதாம்.
தொப்பூர்க் கணவாயில் மட்டும் ஒன்றரை மணி நேரம்.
முன்சீட்டுக் குழந்தை வீறிட்டு அழ
டிபன் பாக்ஸ் மூடியில் ஆதி தாளம் போட்டிருக்கிறாள்.
"தூங்கிருச்சா?"
"கண்டக்டர் தூங்கிட்டாரு."

வீட்டில் இருபத்தேழு பேர், ஒரே குளியலறை.
சித்தப்பா டோக்கன் கொடுத்தார்,
இவளுக்குப் பத்தொன்பது.
இலை போட்டதும் பெரியம்மா கேட்டாளாம்,
இன்னும் அந்தக் கொட்டைத் தட்டிக்கிட்டுத்தான் திரியறியா?
கேட்டபடியே அதிரசம் இரண்டு வைத்தாளாம்.
"திட்டா பாசமான்னு தெரியல,
ரெண்டையும் தின்னுட்டேன்."

சாதிக்குக்குத் தீபாவளி இல்லை, லீவு உண்டு.
மச்சான் நிக்காஹ்.
கீபோர்டு வாசிக்கிற பையன் என்று
பெண் வீட்டாருக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்து
பிரியாணி அண்டாவுக்குக் காவல் போட்டார்கள்.
"மூடியத் தட்டிப் பாத்தேன்டா,
சுத்தமான பஞ்சமம்."

என் முறை.
அப்பாவும் மாமாவும்
ஒன்பது வருடம் கழித்துப் பேசிக்கொண்டதைச் சொன்னேன்.
"எதப் பத்தி?"
"ஸ்டெபிலைசர்."
"ஸ்டெபிலைசரா?"
ஆமாம், எந்தக் கம்பெனி நல்லது என்று
இருபது நிமிடம்.
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து
கதவோரம் நின்று கேட்டாள்.

எபினேசர் ரேடியேட்டர் பக்கமே நின்றான்.
உங்க கூட்டம் டிசம்பர்லதானே என்றேன்.
துணியைப் பிழிந்தான்.
"தங்கச்சி கனடா. அண்ணன் பேசறதில்ல.
வீட்ட வித்தாச்சு.
அம்மா ஒரு ஹோம்ல இருக்குது, நாகலூர்ப் பக்கம்."
பிறகு மெதுவாக,
"அங்கதான் இப்பப் போறோம்."

வாசிக்க நல்ல இடம் பார்த்திருக்கிறேன் என்று சொல்லித்தான்
டிக்கியில் எல்லாவற்றையும் ஏற்றவைத்தான்.
ஏரி என்று நினைத்திருந்தோம்.
காபித் தோட்டத்து ஷெட் என்று நினைத்திருந்தோம்.
குரங்கு இப்போது கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது.

அப்போது கீழிருந்து ஏறி வந்தது பஸ்.
வளைவுக்கு முன் ஹார்ன்:
இரண்டே சுரம்.
டிரைவர் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல்
ஒரு கேன் தண்ணீரை ஜன்னல் வழியே நீட்டினார்.
"காலி கேன டெப்போல குடுத்துருங்க."

பஸ் போனது.
பதினைந்தில் அதே இரண்டு சுரம்.
சாதிக் வாயால் திருப்பிப் பாடினான்.
பதினாறில் பூங்கோதை
அரைக் கேனில் ஒரு தட்டு, பானெட்டில் ஒரு தட்டு.
பதினேழு மெலிந்து வந்தது,
பதினெட்டு மரங்களுக்குள்ளிருந்து.
எபினேசர் கிடாரை உறையிலிருந்து எடுத்ததை
நாங்கள் பார்க்கவில்லை.
பத்தொன்பது கேட்டதா, கேட்டதாக நினைத்தோமா.
இருபதாவதை
அவன்தான் வாசித்தான்,
தடித்த கம்பியில்,
இரண்டு முறை.

திரும்பிப் பார்த்தபோது
தட்டுவடை இல்லை.

கார் இருமிக்கொண்டு கிளம்பியது.
பதினைந்து தாண்டியதும்தான் சொன்னான்,
அம்மாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை.

"சத்தமா வாசிச்சிருவோம்"
என்றான் சாதிக்,
ஜன்னலை இறக்கியபடி.