ஒன்று கூடுது

வடை சுற்றி வந்த தாள் அது.
மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்தில் வாங்கியது.
யாரோ பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தில் கிழித்த பக்கம்.
நிலக்கோட்டுக்கு மேலே பாதிச் செடி, கீழே பாதி,
ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அம்பு, ஒரு பெயர்.
எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடியாகி
பின்பக்கத்துச் சிறுகுடல்
வேரோடு வேராகச் சுருண்டு தெரிந்தது.

எனக்கு வேலை தவறணையில்.
சாராயம் விற்கும் இடத்துக்கும்
கன்று வளர்க்கும் கொட்டிலுக்கும் எங்கள் பக்கம் ஒரே பெயர்.
"நீயும் உன் புருஷனும் தவறணைக்குத்தான் போறீங்க"
என்று செங்கமலம் சிரிப்பாள்.

தாய்ச்செடியின் கிளையை எடுத்து
கணுவுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு,
கீழே இரண்டு விரல் விட்டு இன்னொன்று.
ஓர் இலை. ஒரு துண்டுத் தண்டு.
இரண்டும் சேரும் இடுக்கில் குறுநொய் அளவு மொட்டு.
அதற்குக் கக்கவரும்பு என்று போட்டிருந்தது.
பதினொரு வருஷமாகக் கத்தி படாமல் காத்த ஒன்றுக்கு
பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.
கக்கம்!
செடிக்குக் கூசும் இடம் என்று நினைத்துக்கொண்டு
நாள் முழுக்க மெதுவாக வெட்டினேன்.
கணக்கு நிரம்பவில்லை. அரைப்பேர் போட்டார்கள்.

பிறகு பெயர்கள் வேலைக்குள் வந்துவிட்டன.
இலையின் அடிப்பக்கம் இலைவாய்;
கெக்கில்லாத் தழை பரப்பி நான் நிழல் கட்டுவது
அந்த வாய்கள் வறளாமல் இருக்கத்தான்.
காழ் வழியே தண்ணீர் ஏறுமாம்.
எங்கள் லயத்துக் குழாய்க்கு ஏறாத தண்ணீர்
மோட்டார் இல்லாமல் நுனிக்கொழுந்துவரை.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை.
படத்தில் நடுவே ஒரு வேர், ஆணியாய், நேரே கீழே.
நான் பிடுங்கிப் பார்த்த எந்தக் கன்றிலும் அது இல்லை.
வெட்டுவாயைச் சுற்றித் தாடிமாதிரி
எல்லாம் பக்கவாட்டில் ஓடுகிற வேர்.
வெளிக்கள உத்தியோகத்தர் ஹேரத்திடம் கேட்டேன்.
"வெட்டி நட்டதுக்கு ஆணிவேர் வராது. விதை போட்டால் வரும்,"
கைபேசியைப் பார்த்தபடியே சொன்னார்.
"தேயிலைக்கு விதையா?"
"பூத்தால் விதை வரும்தானே."

நாங்கள் எங்கே பூக்கவிட்டோம்?
வாரத்துக்கு வாரம் கிள்ளல்,
நாலு வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து.

மூன்றாம் நம்பர் மலையில், பாறைக்குப் பின்னால்,
கத்தி எட்டாத இடத்தில் ஒன்று நிற்கிறது.
இரண்டு ஆள் உயரம். தேயிலை என்றால் நம்பமாட்டீர்கள்.
வெள்ளை இதழ், நடுவில் கட்டுக்கட்டாய் மஞ்சள் கேசரம்,
தேனீ இரைச்சல்.
போன வருஷத்துக் காய்கள் மூன்று புடைப்பாய் வெடித்துக் கிடந்தன.
ஒன்பது விதை பொறுக்கினேன்.
வாளித் தண்ணீரில் எட்டு மிதந்தன.

மூழ்கியதை
வரிசைக் கடைசியில் ஓர் உறையில் புதைத்தேன்.
கௌபிமாதிரி வித்திலையைத் தலையில் தூக்கிக்கொண்டு
வெளியே வரும் என்று பார்த்தேன். வரவில்லை.
ஆறு கிழமை மண் வெறும் மண்.
ஏழாவதில் செம்பு நிறத்தில் ஒரு குச்சி.
வித்திலைகளைக் கீழேயே வைத்திருந்தது,
கட்டுச்சோற்றை யாருக்கும் காட்டாமல் தின்பவள்போல.

மழை வந்தது. அட்டை வந்தது. சம்பளப் பேச்சு வந்து போனது.

உறை எண்ணுகிற நாளில்
ஹேரத் ஆயிரத்து இருநூறு என்று எழுதிவிட்டு
மறுபடி எண்ணினார்.
"ஒன்று கூடுது."
நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கடைசி உறையைத் தூக்கினார். வரவில்லை.
குனிந்து இரண்டு கையாலும் பிடித்தார்.
பொலித்தீன் நீண்டது, மண் உதிர்ந்தது,
அடித்துளை வழியே ஏதோ
மலைக்குள் போயிருந்தது.

"இது என்ன இனம்?"

கையைச் சேலையில் துடைத்துவிட்டு
தாளை எடுத்து நீட்டினேன்.
அவர் நெடுநேரம் பார்த்தது சிறுகுடலை.
திருப்பிப் பிடிக்கச் சொன்னேன்.