தையல் வெளியே

ஒண்டிக்கடை முக்கில் என் கடைப் பலகையில்
ஜீப் ஓட்டும் கரியராமன் விரித்து வைத்தது
பழுப்புப் பிளானல் ஒன்றே முக்கால் மீட்டர்,
வெள்ளை கால் மீட்டர்,
நடுவே வைக்க மனைவியின் பழைய நைட்டி.

"காட்டெருமை மாதிரி ஒரு போர்வை வேணும்க்கா."

யானை தைக்கிறேன், முயல் தைக்கிறேன்,
வாத்துக்கு அட்டைகூட வெட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.
இல்லையாம். காட்டெருமைதானாம்.

டீ ஆறிய பிறகுதான் காரணம் வந்தது.
புரட்டாசி ராத்திரி, எட்டாம் மாசத்திலேயே
வலி கண்ட சங்கவியைப்
பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு இறங்கும்போது
பதினெட்டாவது கொண்டை ஊசியில்
நடுரோட்டில் அது.
ஹாரன் அடிக்கப் பயம்.
விளக்கை அணைக்கவும் பயம்.
பதினோரு நிமிஷம்
மூச்சை மட்டும் புகையாக விட்டபடி நின்றது.
பார்த்துப் பார்த்து இவளும்
அதே நிதானத்தில் மூச்சு விட ஆரம்பித்தாளாம்.
அப்புறம், சாக்ஸ் போட்டது போல் வெளுத்த காலை
ஒவ்வொன்றாக எடுத்து வைத்து
காப்பிச் செடிக்குள் போய்விட்டது.

பிள்ளை ஒரு கிலோ நானூறு.
முப்பத்தெட்டு நாளாகச் சேலத்தில், கண்ணாடிப் பெட்டியில்.
அடுத்த வாரம் மலையேறுகிறது.
"குளிருமில்ல?" என்றான்,
என்னவோ நான்தான் குளிரை விடுகிறவள் மாதிரி.

இருபத்தாறு வருஷமாக
தையலை உள்ளே ஒளித்துத்தான் எனக்குப் பேர்.
யூனிபார்ம், பாதிரியார் அங்கி, கல்யாண ரவிக்கை
எதைப் புரட்டினாலும் ஒரு பிசிறு இருக்காது.
இவன் போனில் காட்டிய போர்வைக்கோ
பிசிறுதான் அழகு.

நாலங்குலச் சதுரம்.
பிளானல், நைட்டி, மறுபடி பிளானல்.
குறுக்கே ஒரு பெருக்கல் குறி அடித்து
முதுகோடு முதுகு ஒட்டி
அரை அங்குலம் வெளியே துருத்தும்படி தைக்க வேண்டும்.
கை கேட்கவில்லை.
இரண்டு தடவை பழக்கத்தில் உள்பக்கம் திருப்பிவிட்டு
பிரித்தேன்.

பிறகு கத்தரி.
விரல் நுனி அகலத்துக்கு ஒரு வெட்டு,
தையலுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி.
எண்ணூறு வரை எண்ணினேன், கரண்ட் போயிற்று,
எண்ணிக்கையும் போயிற்று.
கட்டைவிரலில் கொப்புளம்.
கொம்பு வளைவில் மெஷின் இரண்டு ஊசி தின்றது.
திமில் சப்பை.
பார்த்துவிட்டு, "வயசான எருமைக்கா இது" என்றான்.
கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, வாய்க்குள் போகும்.
கறுப்பு நூலில் ஒரு கோடு.
தூங்குகிறது என்று வைத்துக்கொள்.

துவைத்தால்தான் வெட்டு பூக்கும்.
துவைத்தேன்.
மூன்று நாள் கொடியில், மூன்று நாளும் மூடுபனி,
தொட்டால் மழையில் நனைந்த நாய்.
இஸ்திரி வைத்தால் பூ அமுங்கிவிடும்.
கடைசியில் ஒரு கூடையில் போட்டு
காலை பஸ் கண்டக்டர் மாதேசனிடம் கொடுத்தேன்:
அம்மாப்பேட்டையில் உன் வீட்டு மாடியில்
கொஞ்சம் வெயில் காட்டிக் கொண்டுவா.

மதியத்துக்குள் காய்ந்துவிட்டதாம்.
மாடா பன்றியா என்று
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குள் அடிதடியாம்.

சாயங்கால வண்டி தாமதம்.
பதினெட்டில் ஒன்று நின்றது என்றான் மாதேசன்.
அதேதானா? யார் கண்டது,
வெள்ளைக் கால் எல்லாவற்றுக்கும்தான் இருக்கிறது.
அது நகரும்வரைக்கும்
கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டானாம்.
ஏனென்று அவனுக்கே தெரியவில்லையாம்.

பிரித்தேன்.
வெட்டெல்லாம் ரோமமாகச் சிலிர்த்திருந்தது.
ஊதினேன், அசைந்தது.
கரியராமன் கூலியில் பேரம் பேசினான்,
இருபது குறைத்தேன்.

நேற்று ஜீப் வாசலில் நின்றது.
சங்கவி மடியில் எருமை,
எருமைக்குள் எங்கேயோ பிள்ளை.
பூனைக்குட்டி விரல் ஒன்று வெளியே வந்து
பிசிறைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
அவள் பதறி விரலை எடுக்கப் போனாள்.

இழுக்கட்டும் விடு என்றேன்.
வராது.
ரெட்டைத் தையல்.