இரண்டரைச் சிப்பம்

பயிற்சித் திட்டம். முதல் வரி: நாள்.
நீடாமங்கலம் ஆலைக்கு எந்த நாளும் தோதில்லை.
புரட்டாசியில் குறுவை வந்தால் லாரிகள்
ரயில்வே கேட் வரை நிற்கும்.
சம்பா வந்துவிட்டால் மாதமே கிடையாது,
மூட்டைக் கணக்குதான்.
மேட்டூர் திறந்த சேதி கேட்டதும்
பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுகிறார்கள்.
வைகாசி மூன்றாம் வாரம் என்று எழுதினேன்,
பென்சிலால்.

நேரம்.
மேலாளர் குலோத்துங்கன் அரை மணி தருகிறார்,
டீயும் அதற்குள்.
நாலரை மினிபஸ்ஸை விட்டால்
கோவில்வெண்ணிக்கு அடுத்தது ஏழு மணிக்குத்தான்
என்கிறாள் அமலோற்பவம்.
ஆக மூன்றே முக்காலுக்குத் தொடங்கி
நாலேகாலுக்குள் முடிக்க வேண்டும்
நாற்பத்திரண்டு ஸ்லைடுகள்.

மொழி.
ஜார்க்கண்டிலிருந்து பதினோரு பேர்.
என் இந்தி ‘ருக்கோ’வோடு நின்றுவிடும்.
உயிரோடு இருக்க எத்தனை சொல் வேண்டுமென்று
விரல் விட்டுப் பார்த்தேன்.
நில். இறங்காதே. கயிறு. கூப்பிடு.
ஐந்தாவதுக்கு விரல் மடங்கவில்லை.

போன வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஐம்பத்தாறு கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்வு.
பயிற்சி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.
கேசரி கொடுத்தது நினைவிருக்கிறது,
முந்திரி இல்லை என்பது உட்பட.
ஓரிடத்தில் மட்டும் ரேகை, இடது பெருவிரல்.
காத்தமுத்துவின் வலது பெருவிரல்
அதற்கு முந்தின தையில்
எலிவேட்டர் பெல்ட்டோடு மேலே போனது.

அவரைப் பேச அழைத்தேன்.
“கண்காட்சியில வைக்கவா?”
தப்புதான்.
அந்த வரியை அழித்தேன்,
தாள் கிழிகிற மட்டும்.

சைலோவுக்கு மட்டும் பன்னிரண்டு ஸ்லைடு.
நெல் கட்டிக்கொண்டால் மேலேறி இறங்கி
கம்பியால் குத்துகிறார்கள்.
மேல்பரப்பு ஓடு மாதிரி நிற்கும்,
உள்ளே வெற்றிடம்.
வெண்ணாற்றுச் சுழலில் குதித்து
ஷட்டரைத் தொட்டு வந்தவர்களிடம்
முழுகுவதைப் பற்றி நான் என்ன சொல்ல?
நெல்லில் நீந்த முடியாது என்றால்
“நெல்லுல எதுக்கு நீந்தணும்?” என்பார்கள்.
நியாயம்.

ராத்திரி ஷிப்டில்
நீல பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் இறங்கி நின்றேன்.
காத்தமுத்து கொட்டினார்.
இரண்டரைச் சிப்பம், இடுப்பு வரை.
சுணை சுடிதாரைத் துளைத்துத் தொடையில் ஏறியது.
காலைத் தூக்கினேன்.
தூக்கியதாக நான் நினைத்தேன், அவ்வளவுதான்.
அசைய அசைய நெல் இடுக்கில் புகுந்து இறுகியது,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவனைப் போல
பேசாமல்.

காத்தமுத்து சிரித்தார்.
மிச்சமிருந்த ஒன்பது விரலாலும் இழுத்தார்.
பாய்லர் பக்கமிருந்து சுக்தேவைக் கூப்பிட்டார்.
இருவரும் இழுத்தார்கள்.
தோள் கழன்றுவிடும் போலிருந்தது,
கால் வரவில்லை.
கடைசியில் பீப்பாயையே சாய்த்தார்கள்.
நெல்லோடு நெல்லாகச் சிமெண்ட் தரையில் கிடந்தேன்.

“சைலோவை யாரு சாய்ப்பா?”
கேட்டது காத்தமுத்து.
சுக்தேவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அவன் சைலோவை அண்ணாந்து பார்த்தான்,
ஏணியின் கடைசிப் படி வரைக்கும்.

திட்டத்தை மாற்றி எழுதுகிறேன்.
ஸ்லைடுகள் வேண்டாம்.
பீப்பாய் ஒன்று. தார்ப்பாய் ஒன்று.
கீழ்க் கன்வேயர் ஸ்விட்சுக்குப் பூட்டு,
சாவி இறங்குபவரின் மடியில்,
சூப்பர்வைசர் மேசையில் அல்ல.
கயிற்றைப் பிடித்து மேலே நிற்பவர் காத்தமுத்து.
பேசமாட்டாராம், பிடிப்பாராம்.
வருகைப் பதிவேடு கடைசியில்தான் திறக்கப்படும்,
அவரவர் பேனா, அவரவர் விரல்.

பீப்பாயில் இறங்குபவர்:
இந்த இடத்தில் கொஞ்ச நேரம்
தொடையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்,
திரு. குலோத்துங்கன், மேலாளர்.

காலையில் அவரிடம் சொல்ல வேண்டும்,
அன்றைக்கு மட்டும்
வெள்ளை பேண்ட் வேண்டாமென்று.